உந்துசக்தி வெட்டிக் கொடுக்கும் கடை

யாராவது ஓரிடத்தை விட்டுப் போனால்தான் எங்கள் தொழில் ஓடும்.

மட்டக்களப்பு ரவுணில், பின்கதவைத் திறந்தால் வாவி தெரிகிற ஒரு சின்னக் கடையில் முன்மேசையில் இருக்கிறவள் நான். ஞாபகச்சின்னம் செய்யும் கடை. அதிபர் ஓய்வு பெற்றாலோ, போதகருக்கு மாற்றம் வந்தாலோ, சங்கத் தலைவி கனடாவுக்குப் புறப்பட்டாலோ ஆட்கள் எங்களிடம்தான் வருவார்கள். கண்ணாடிச் சீல்டில் அவருடைய பெயரைப் போட்டு, கீழே அவரைப் பற்றி ஒரு நல்ல வசனத்தை வெட்டி, சிவப்பு வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுப்போம். வெட்டுகிற மெசின் உள்ளறையில். அது முதலாளி தவண்ணனின் வேலை. கேட்டு எழுதுவது, வாசித்துக் காட்டுவது, பெட்டியில் வைத்துக் கட்டுவது எல்லாம் நான்.

இதை எழுத உட்காரும்போதே பயமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதப் போவதோ ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி. பிழையாகச் சொல்லிவிட்டால் படித்தவர்கள் சிரிப்பார்கள், சொல்லாமல் விட்டாலோ எனக்கு நித்திரை வராது. கலியாணக் கார்ட் அடிக்கிறவர்கள், பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள், கல்லறைக் கல் வெட்டுகிறவர்கள், உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஓர் எழுத்து மாறினால் அது யார் தலையில் விழும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் ஒரே மகள் துஷி ஜப்பானில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். அங்கே அவளுக்குப் பகல் சாப்பாட்டு நேரம், எனக்குக் கடை திறக்கிற நேரம். அப்போதுதான் அவளுடைய குரல் பதிவு வரும். அவளுடைய ஒப்பந்தம் முடியப் போகிறது. ஊருக்கு வருவாளா, நீட்டிக்கொண்டு அங்கேயே நிற்பாளா? நான் கீழே சொல்லப் போகிற எல்லாம் நடக்கும்போது என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒரு கேள்விதான்.

மிஸ் கொண்டுவந்த சொல்

கிறேஸ் மிஸ் எங்கள் கடைக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறா. ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவ. ஒரு நாள் தன்னுடைய பழைய பள்ளிக்கூட அதிபரின் பிரியாவிடைக்குச் சீல்ட் செய்ய வந்தா. வசனம் ஆங்கிலத்தில் இருந்தது. நடுவில் டிரைவிங் ஃபோர்ஸ் என்று இரண்டு சொற்கள். வாசிக்கத் தெரியாததை வாசித்துக் காட்டும் வேலை என்னுடையது என்பதால், கருத்தைச் சொல்லித் தாங்க மிஸ் என்று கேட்டேன்.

மிஸ் எழும்பிப் போய்ப் பின்கதவைத் திறந்தா. வாவியில் இயந்திரம் பூட்டிய தோணி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அணியத்தில், அதன் முன்முனையில், ஒருவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "முன்னுக்கு நிக்கிறவர்தான் தோணியக் கொண்டு போறார் எண்டு கரையில நிக்கிற ஆக்கள் நினைப்பாங்க. ஆனா தள்ளுறது பின்னால, தண்ணிக்குள்ள கிடக்கிற சாமான். ஒரு வேலைக்கு அப்பிடி நிக்கிற ஆளத்தான் இப்பிடிச் சொல்லுற" என்றா. ஆளாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டேன். இல்லையாம். ஆசையும் அப்படித்தானாம், பசியும் பயமும்கூட. ஒரு மனிதரை எழுப்பி நடக்க வைக்கிற எதையும் சொல்லலாமாம். தமிழில் உந்துசக்தி என்பார்களாம். அந்தச் சொல்லைப் போடும்போது எந்தக் காரியத்தைத் தள்ளினார் என்பதையும் கூடவே போட வேண்டுமாம்.

நான் தலையாட்டிக்கொண்டே எழுதினேன். போகும்போது படியில் நின்று திரும்பிச் சொன்னா: "எதுக்குப் பின்னால நிண்டவர் எண்டத விட்டுராதீங்க மலர், அத விட்டா மனிசன் சும்மா றோட்டுல நிண்ட மாதிரிப் போயிரும்."

தமிழில் போட்டால் என்ன?

அந்தச் சீல்ட் வடிவாக வந்தது. தவண்ணன் அதைப் போலவே, பெயர் போடாமல், இன்னொன்றை வெட்டிக் கண்ணாடி அலுமாரியில் மாதிரிக்கு வைத்தார். அதோடு பிடித்தது சனி. வருகிற ஆட்கள் எல்லாரும் அதையே விரலால் காட்டினார்கள். மாவட்டத்தில் உந்துசக்தி இல்லாத ஒரு மனிதரும் ஓய்வு பெறவில்லை என்கிற நிலைக்கு வந்துவிட்டோம். கோயில் தர்மகர்த்தா, உதைபந்தாட்டப் பயிற்சியாளர், தபால் கொண்டுவருகிறவர், எல்லாரும் ஏதோ ஒன்றைப் பின்னால் நின்று தள்ளியவர்கள்தான்.

ஒரு விளையாட்டுக் கழகத்துச் செயலாளர் வந்தார். கண்ணாடி போட்ட, அவசரக்காரத் தம்பி. கழகத்தை விட்டுப் போகிற தலைவருக்கு அதே வசனம் வேண்டுமாம். எனக்கோ ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிபிடிப்பது பெரிய வில்லங்கம். "தம்பி, உந்துசக்தி எண்டு தமிழில போடுவமா? வடிவா இருக்கும்" என்று கேட்டேன். அவர் மேசையில் குனிந்து, யாருக்கும் கேட்காத மாதிரிச் சொன்னார்: "ஐயோ வேணாம் அக்கா, தமிழில போட்டா எல்லாருக்கும் விளங்கிரும், மறுகா ஆளாளுக்குக் கேள்வி கேப்பானுகள்."

விதானையார் நேரில் வந்தார்

உன்னிச்சைப் பக்கமிருந்து இரண்டு விவசாயிகள் வந்தார்கள். அவர்களுடைய வட்டவிதானை வயது போய் விலகுகிறார். வட்டை என்றால் வயல்வெளி. அந்த வெளிக்குத் தண்ணீரைப் பங்கிட்டு, யார் எப்போது விதைப்பது என்று பார்த்துக்கொள்கிறவர் வட்டவிதானை. அவர்களுக்கும் அலுமாரிச் சீல்டே பிடித்தது. கருத்தைக் கேட்டார்கள். நான் மிஸ் சொன்ன தோணியை எடுத்துவிட்டேன். மூத்தவர் குறுக்கே விழுந்தார். "எங்கட வட்டைக்குள்ள தோணி என்னத்துக்கு புள்ள?" பிறகு வாய்க்காலை வைத்து ஒரு மாதிரி விளங்கப்படுத்தி அனுப்பினேன். அன்றைக்கு இரவு முழுக்க வாய்க்காலைப் பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று புரண்டுகொண்டு கிடந்தேன்.

அடுத்த கிழமை வயதான ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஊரில் எதை மறைக்க முடியும்? அவர்தான் விதானையார். "எனக்கு என்னமோ வெட்டுறீங்களாமே, என்ன வெட்டுறீங்க?" என்றார். சொன்னேன். கதிரையில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். தண்ணீர் வரவில்லை என்று விடியக் கருக்கலில் தன் கதவைத் தட்டியது யார், மாடு விழுந்துவிட்டது என்று சாப்பாட்டிலிருந்து எழுப்பியது யார், காய்ச்சலோடு கிடந்தவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி மதகடிக்குக் கொண்டுபோனது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "நான் ஒருத்தரையும் தள்ளல்ல புள்ள. இவனுகள் எல்லாரும் சேந்து என்னத்தான் தள்ளினவனுகள். ஏலுமெண்டா அத வெட்டு."

சில்லுகள்

செட்டிபாளையத்திலிருந்து மாதர் சங்கம் ஒன்று ஆட்டோக்களில் வந்து இறங்கியது. அவர்களுடைய தலைவி கனடாவிலிருக்கும் மகனிடம் ஒரேயடியாகப் போகிறா. நான் நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, சங்கத்தின் வளர்ச்சிக்குப் பின்னால் நின்ற உந்துசக்தி என்று வசனத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். எல்லாரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். கழகத்துத் தம்பி சொன்ன புத்தி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"தையல் மெசினுக்கு அலைஞ்சது ஆரு? அவவா, நானா?" என்று ஒருவ தொடங்கினா. "கச்சேரிக் கந்தோர்ப் படியில ஏறி இறங்கி எனக்கு முழங்கால் போச்சு" என்றா இன்னொருவ. "அவ முன்கதிரையில இருந்தா. அதுக்கு ஒரு சீல்டா?" என்றா மூன்றாவது. அப்படியென்றால் வேறு வசனம் போடுவோமா என்று மெதுவாகக் கேட்டேன். அதற்கும் விடவில்லை. "என்னகா கதைக்கிறீங்க, அவ போற ஆள், பாவம்." அதற்குள் ஒருத்தி மூலையில் நின்று மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிட்டா. ஒவ்வொரு கூட்டத்துக்கு முதல் நாளும் தலைவி எல்லாருக்கும் போன் எடுத்து, சமையல் முடிந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்பாவாம். இனி யார் எடுப்பது? அதோடு எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். நானும்தான். அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒரு போன் நினைவு.

கடைசியில் அதே வசனத்தை வெட்டச் சொன்னார்கள். முழங்கால் போனவ மட்டும் ஆட்டோவில் ஏறாமல் திரும்பி வந்தா. "வெட்டுங்க, நான் வேணாமெண்டு சொல்லல்ல. ஆனா ஒண்டு கேக்கிறன், அவ உந்துசக்தி எண்டா நாங்க எல்லாரும் என்ன, தள்ள உருளுற சில்லா?"

போகாத அதிகாரி

ஓர் அரசாங்கக் கந்தோரில் அதிகாரி ஒருவருக்கு இடமாற்றம் வந்தது. கடுமையான மனிதராம். கந்தோர் ஆட்கள் சந்தோசத்தில் பெரிய சீல்டாகப் பார்த்து ஓடர் தந்தார்கள். வசனம் வழக்கமானதுதான். வெட்டி, பெட்டியில் வைத்து, றிபன் கட்டி முடித்த அன்றைக்கு அந்தக் கந்தோரிலிருந்து ஒரு தங்கச்சி முகம் செத்து வந்து நின்றா. இடமாற்றம் ரத்தாம். அதிகாரி போகவில்லை.

சீல்டை என்ன செய்வது? பெயர் வெட்டியதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. போகாத ஆளுக்குப் பிரியாவிடை கொடுக்கவும் முடியாது. நான் அதை உள்ளலுமாரியில் வைத்தேன். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பெட்டியின் மீது எனக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. புறப்பட இருந்த ஒருவர், எல்லாம் ஆயத்தமான பிறகு, போகாமல் நின்றுவிட்டார். அப்படியும் உலகத்தில் நடக்கிறதுதானே? துஷியின் விமானத்துக்கு ஏன் அப்படி ஒரு கடிதம் வரவில்லை என்று, தூசி தட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அந்தத் தங்கச்சி மாதத்துக்கு ஒரு தரம் கடைக்கு வந்து, பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவா. ஏனம்மா இவ்வளவு அக்கறை என்று கேட்டேன். "கவனமா வையுங்க அக்கா, அந்தாள் எப்பயாவது ஒரு நாள் போவார் எண்ட நம்பிக்கையிலதான் நாங்க எல்லாரும் வேலைக்குப் போறம்."

வாகரைக்காரர்

மழைக்குணமாயிருந்த ஒரு காலையில் உப்பில் வெளிறிய சட்டையோடு ஒருவர் வந்தார். முதல் பஸ்ஸில் வாகரையிலிருந்து வந்திருக்கிறார். கடைக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே நின்று, "இத வாங்கிறதெண்டா ஏதும் கடிதம் கொண்டு வரணுமா?" என்று கேட்டார். எந்தச் சங்கம், எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்தேன். சங்கம் இல்லை. தன்னுடைய மனைவிக்காம்.

எங்கள் கடையில் மனைவிக்கு வெட்டுவது நினைவு நாளுக்குத்தான். "எப்ப... தவறினவ?" என்று இழுத்தேன். மனிதர் பதறிப்போனார். "ஐயோ புள்ள, வாயில வசம்ப வைச்சுத் தேய்! அவ வீட்டில அடுப்படியில இரிக்கா." வெளிநாடு போகிறாவா? இல்லை. வேலையிலிருந்து ஓய்வா? அவ எப்போது வேலைக்குப் போனவ? பிறகு எதற்குச் சீல்ட்? அப்போதுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

கடல் ஊருக்குள் வந்த வருசம் அவருடைய வீடும் தோணியும் போய்விட்டன. அதன் பிறகு அவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே குந்தியிருந்தாராம். புதுத் தோணி கிடைத்தும் ஏறவில்லை. மனைவி தானாகக் கிழிந்த வலையைப் பொத்தப் பழகி, அதை அவருடைய தோளில் போட்டு, ஒவ்வொரு விடியலிலும் கரை மட்டும் கூட நடந்து, தோணி மறையும்வரை நின்றிருக்கிறா. அந்தக் கடலுக்கு அவவுக்கும் பயமாம். இப்போதும் இரவில் இரைச்சல் கூடினால் எழும்பி உட்காருவாவாம். நான் அலுமாரிச் சீல்டைக் காட்டி, தோணி இயந்திரத்தையும் சொல்லி, கருத்தைச் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதுதான், அதேதான் என்றார்.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. இது போகிற ஆட்களுக்குக் கொடுக்கிற சாமான் அண்ணன், இருக்கிற ஆளுக்குக் கொடுத்தால் ஊரில் பகிடி பண்ண மாட்டார்களா என்று கேட்டுவிட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "நீங்க போறதுக்குக் குடுக்கிறீங்க. நான் அவ போகாம இரிக்கிறதுக்குக் குடுக்கப் போறன்."

ஜப்பானில் கேட்கப் போகிற கேள்வி

அவர் போன பிறகு எனக்கு அந்தக் கிழமை முழுக்க வேலை ஓடவில்லை. அதற்குள் துஷியின் குரல் பதிவு வந்தது. மேசைக்குக் கீழே குனிந்து காதில் வைத்துக் கேட்டேன்.

"அம்மா, அடுத்த கிழமை இஞ்ச பொறுப்பா இருக்கிறவவோட ஒரு பேச்சு இருக்கு. நீட்டுறதா, முடிச்சுக்கொண்டு போறதா எண்டு கேக்கிற பேச்சு. உன்ன இஞ்ச கொண்டுவந்து வேலை செய்ய வைக்கிறது என்ன எண்டு கட்டாயம் கேப்பாங்களாம். கூட வேலை செய்யிற பிள்ளை அத இங்கிலீசில டிரைவிங் ஃபோர்ஸ் எண்டு சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்திட்டு. எங்கட அம்மாதானே அத வெட்டி வெட்டி விக்கிற ஆள்! சொல்லுங்கம்மா, நான் என்னத்துக்கு இஞ்ச வந்தனான்?"

தொழில்காரச் சகபாடிகளே, ஊரில் உள்ள எல்லாருக்கும் கருத்துச் சொன்ன வாய் இது. அன்றைக்கு அடைத்துப்போனது. வீடு கட்டக் காசு சேர்க்க வந்தாய் என்று சொல்லலாம். சொன்னால், வீடு இன்னும் பூசவில்லையே என்று நினைத்து நீட்டிவிடுவாள். எங்களுக்காக வந்தாய் என்றால் அது பாரமாக அவளுடைய தலையில் ஏறும். உன் ஆசையில் வந்தாய் என்றால், அம்மா கைகழுவிவிட்டா என்று நினைப்பாள். என் மனதில் இருந்தது ஒரே ஒரு சொல், வா என்பது. அதைச் சொல்லி, அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, இங்கே வேலை கிடைக்காமல் யன்னலோரம் உட்கார்ந்தால்? தோணியைப் பின்னால் நின்று தள்ளுகிற சாமானுக்குத் தோணி எங்கே போய் முட்டும் என்று தெரியுமா?

பதிவு செய்வதும் அழிப்பதுமாக இருந்தேன். கிறேஸ் மிஸ்ஸிடம் ஓடினேன். "சொல்லுக்கு நான் கருத்துச் சொல்லலாம் மலர், உங்கட மகளுக்கு எப்பிடிச் சொல்லுற?" என்றா. வீட்டுக்கு வந்து என் மனிசனிடம் சொன்னேன். அவர் வாவியில் வீச்சுவலை எறிகிறவர். பேச்சுக் குறைவு. வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிடுங்கி முடித்துக் கையை உதறிவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "வலைய எறிஞ்சு போட்டுக் கரையில நிண்டு கத்தினா மீன் வருமா? சத்தம் போடாம இரி."

கீழே வெறுமை

சத்தம் போடாமல் என்ன செய்யலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு வெட்டி மிஞ்சிய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். "தவண்ணன், ஒரு பேர் வெட்டித் தாங்க. எங்கட துஷிக்கு, துஷாந்தினி எண்டு." அவர் மெசினில் வைத்துவிட்டு, கீழே என்ன வசனம் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். கீழே இவ்வளவு இடம் வெறுமையாகக் கிடக்குதே என்றார். கிடக்கட்டும் என்றேன். மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெசினை ஓடவிட்டார். ஓரங்களையும், நான் கேட்காமலே, நன்றாகத் தேய்த்து மினுக்கிக் கொடுத்தார்.

அதை அலுமாரியில், உந்துசக்திக்குப் பக்கத்தில் வைத்து, போனில் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை. அடுத்த நாள் கடையைத் திறந்து விளக்கைப் போடும்போதே துஷி நேரடியாக எடுத்துவிட்டாள். பின்னால் தட்டு முட்டும் சத்தமும், யாரோ வயதான ஒருவர் அந்த மொழியில் பாடுகிற சத்தமும் கேட்டன.

"என்னம்மா இது? பேர் மட்டும் கிடக்கு. நான் கேட்டதுக்குப் பதில் எங்க?"

எனக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து வந்ததோ தெரியாது, வாயில் வந்ததைச் சொன்னேன். "இப்ப எங்கட கடையில இதுதான் மகள் வழக்கம். பேர் மட்டும்தான் வெட்டுற. வசனத்தில பிழை வரக்கூடாதெண்டு தவண்ணன் சொல்லிப்போட்டார். மிச்சத்த, ஆள் நேரில வந்து நிக்கக்குள்ள, முகத்தப் பாத்து வாயால சொல்லுறதாம்."

பாடுகிற கிழவரின் குரல் மட்டும் கேட்டது. போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், அறவில்லை. அவள் கேட்டதற்கு அதிகமாகச் சொல்லிவிட்டேனோ, தள்ளக்கூடாத இடத்தில் தள்ளிவிட்டேனோ என்று பயந்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று வந்தது. பிறகு, சின்னப் பிள்ளையில் கடைக்கு அனுப்பும்போது மிச்சக் காசுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள்: "அத ஒருத்தரிட்டயும் குடுத்து அனுப்பிப் போடாதீங்கம்மா, நான் வந்து எடுக்கிறன்."

எப்போது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டால் அதுவும் தள்ளுவதாகிவிடும். ஆனால் உண்மையில் எங்கள் கடையில் இன்றைக்கும் வாரத்துக்கு நாலு உந்துசக்தியாவது வெட்டுப்படுகிறது என்பதால், அவள் வந்து நிற்கிற அன்றைக்கு என் பொய் பிடிபடாமல் இருக்க, "இங்கே பெயர் மட்டுமே வெட்டப்படும்" என்று ஒரு பலகையைத் தவண்ணனைக் கொண்டு இப்போதே வெட்டுவித்து, பேப்பரில் சுற்றி, எடுத்த உடனே மாட்டுகிற மாதிரி ஆணியும் சேர்த்து, அலுமாரிக்கு மேலே பத்திரமாக வைத்திருக்கிறேன்.